சிவப்பு மூடிக் கேன்

சோதனை அறையில் அப்போது இருந்தவர்கள் இவர்கள்:

முதலாளி. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எடுக்கிற இயந்திரம் செய்யும் கம்பெனி அவருடையது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சட்டை மட்டும் நனைந்திருந்தது.

முதலாளியின் அக்கா. கம்பெனிக்குச் சாமான் வாங்கிப்போடுவது அவர் பொறுப்பு. ஒரு சுற்று அழுது முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராக இருந்தார்.

டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ரசாயனம் படித்த டாக்டர். கம்பெனி தலைநிமிர்ந்து நிற்கக் காரணமான அதிசயத் தகட்டைக் கண்டுபிடித்தவர். புதுக் கோட்டு போட்டிருந்தார். கடைக்காரன் அதன் விலைச்சீட்டைப் பிரிக்க மறந்திருந்தான்.

மேடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்துத் தலை நரைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார்.

ரேடியோ. மேடத்தின் உதவியாளன். அணைக்கிற பட்டன் வேலை செய்யாததால் அந்தப் பெயர்.

அறையில் இல்லாதவள் ஒருத்தி: அக்காவின் மகள். அதே கம்பெனியில் வேதியியல் வேலை. பக்கத்துச் சாமான் அறையில் இருந்தாள். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. பூட்டியவர் அவளுடைய தாய்மாமன், அதாவது முதலாளி.

"நாலு மணிக்குப் பங்கு வாங்க வர்றவங்க வந்துருவாங்க" என்றார் முதலாளி. "அதுக்குள்ள தகடு கிடைக்கலைன்னா போலீஸ்தான். சொந்தம் பந்தம்னு எல்லாம் பாக்க மாட்டேன்."

"டேய், அவ உன் மடியில வளந்தவடா" என்றார் அக்கா.

"அதான்க்கா எரியுது."

மேசைமேல் ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே நிறமில்லாத திரவம், அதில் எதிரெதிராக இரண்டு தகடுகள். ஒரு தகட்டிலிருந்து குமிழ்கள் சோம்பலாக ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த மின்சாரப் பெட்டியில் சிவப்பு எண்கள் எரிந்தன.

"ரேடியோவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, டாக்டர்" என்றார் மேடம்.

"எனக்குப் புரிஞ்சுட்டா மேடத்துக்கும் புரிஞ்சுடும்" என்றான் ரேடியோ.

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்தத் தகட்டுலதான் ஆக்சிஜன் வரணும். அது லேசுல வராது, நிறைய வோல்ட் கேக்கும். என் தகட்டு மேல நான் ஒரு பூச்சு பூசியிருக்கேன். அதனால கம்மி வோல்ட்லயே வரும். நேத்துவரைக்கும் பெட்டியில ஒண்ணு புள்ளி ஆறு. இப்ப பாருங்க, ஒண்ணு புள்ளி எட்டைத் தாண்டி நிக்குது. இது என் தகடு இல்ல. எவனுக்கோ விலை பேசி, அசலை எடுத்துட்டு வெறும் தகட்டை வெச்சிருக்கா. நேத்து இந்த அறைச் சாவி அவகிட்டதான் இருந்தது."

"வோல்ட் கூடினா என்ன நஷ்டம்?"

"கரண்ட் பில்லு" என்றார் முதலாளி. "அந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் கம்பெனியில பாதிப் பங்கை விக்கப்போறேன். அது இல்லைன்னா இந்தக் கூரை பாங்குக்காரனுக்கு."

மேடம் தொட்டியைக் குனிந்து பார்த்தார். மோந்து பார்க்கப்போன ரேடியோவின் காலரைப் பிடித்து இழுத்தார்.

"சாவியைக் குடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட பேசணும்."

சாமான் அறை ஜன்னலில்லாத நீளமான அறை. அலமாரிகளுக்கு நடுவே ஒரு கவிழ்த்த பெட்டிமேல் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். அழுத அடையாளம் இல்லை. பற்களைக் கடித்துக் கடித்துத் தாடை மட்டும் இறுகியிருந்தது.

"நான் எடுக்கல" என்றாள்.

"அதை நான் கேக்கல. காலையில என்ன நடந்துச்சு?"

"தொட்டியில காரத் தண்ணி ஊத்தினேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைச்ச தண்ணி. கரண்டைப் போட்டேன். நல்லா ஓடிச்சு."

மேடம் நிமிர்ந்தார். "நல்லா ஓடிச்சா?"

"முதல்ல ஒண்ணு புள்ளி ஆறுதான் காட்டிச்சு. அப்புறம் மெல்ல மெல்ல ஏற ஆரம்பிச்சுது. டாக்டர் வர்றதுக்குள்ள ஒண்ணு புள்ளி எட்டு. அவர் பாத்தாரு, உடனே 'திருடி'ன்னு கத்தினாரு. மாமா கையைப் புடிச்சு இங்க தள்ளிட்டாரு. என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல."

"ஏறினதை மாமாகிட்ட சொன்னியா?"

"கதவுக்குச் சொன்னேன். மாமா அதுக்குள்ள போயிட்டாரு."

வெளியே வந்ததும் மேடம் சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

"பொய் சொல்றாளா, மேடம்?"

"பொய் சொல்றவ, வெச்ச உடனே கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லியிருப்பா. முதல்ல நல்லா ஓடிச்சுன்னு சொன்னா அவ கழுத்துதான் மாட்டும். ஓட்டத்தை ஆரம்பிச்சப்போ அசல் தகடு இருந்துச்சு, அறையில இவ மட்டும்தான் இருந்தான்னு ஆகிடும்."

"அப்படின்னா ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்திட்டாளா? ஓடற பஸ்ல சக்கரத்தைக் கழட்டற மாதிரி?"

"மாத்தியிருந்தா எண் ஒரே குதியா குதிக்கும். இது மெல்ல ஏறியிருக்கு. தகடு மாறல, ரேடியோ. அதே தகடு. சரி, அப்ப வேற என்ன மாறிச்சு?"

"என்னைக் கேட்டா? எங்க வீட்டுல வாரம் ஒரு நாள் தண்ணி லாரி வரும். அன்னைக்கு மட்டும் சோப்பு நுரைக்காது. எங்க அம்மா சோப்புக் கம்பெனியைத் திட்டுவாங்க. சோப்பு அதே சோப்பு. பாவம்..."

அவன் பாதியில் நிறுத்தினான். மேடம் கண்ணாடியை நேராக மாட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன சொன்னேன்?" என்றான் ரேடியோ.

"வருஷத்துக்கு ஒரு தடவை உபயோகமா எதையாவது சொல்ற. வா."

திரும்பச் சாமான் அறை. இந்த முறை மேடம் உள்ளே போகவில்லை, வாசலில் நின்றே கேட்டார்.

"அந்தக் காரத் தண்ணியை எப்பவும் நீதான் ஊத்துவியா?"

"இல்ல. டாக்டர்தான். கரைக்கறதும் அவரே, ஊத்தறதும் அவரே. 'என் கை பட்டாத்தான் ஓடும்'பாரு. மேசைக்குக் கீழே அவரோட கேன் இருக்கும், சிவப்பு மூடி போட்டது. யாரும் தொடக்கூடாது."

"இன்னைக்கு?"

"புதுக் கோட்டு வாங்கப் போனவரு லேட்டாயிட்டாரு. மாமா அவசரப்படுத்தினாரு. அம்மா புதுசா வாங்கி வெச்சிருந்த பாட்டில்ல இருந்து நானே ஊத்தினேன்."

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. எப்போது வந்து நின்றாரோ தெரியாது. "வர்றவங்க பெரிய மனுஷங்களாச்சே. இருக்கறதுலயே சுத்தமானதைக் குடுன்னு கேட்டு வாங்கினேம்மா. ஒரு பொட்டு தூசி, ஒரு பொட்டு கலப்படம் கிடையாதுன்னான். விலையும் அப்படி. அதுல ஏதாவது தப்பா?"

மேடம் நேராகச் சோதனை அறைக்குப் போய் மேசைக்குக் கீழே பார்த்தார். தரையில் ஒரு வட்டம், பல நாளாகக் கேன் நின்ற தடம். கேன் இல்லை.

"காலையில இருந்துச்சு" என்றாள் அக்கா மகள், கதவருகே வந்து. "காலுல இடிச்சுக்கிட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு."

அவளை மறுபடி உள்ளே உட்காரவைத்துப் பூட்டினார்கள். ரேடியோவுக்கு அது பிடிக்கவில்லை. மேடத்திடம் சொல்லவுமில்லை.

கேனைத் தேடினார்கள். கழுவுமிடத்தில் இல்லை. சிலிண்டர் கொட்டகையில் இல்லை. குப்பைத் தொட்டியை ரேடியோ கிளறினான். முந்தாநாள் பார்சல் பொட்டலம் ஒன்று அவனைக் கிளறியது. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. முதலாளி வராந்தாவில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா சார், எல்லாம் ரெடி சார்" என்று யாருக்கோ பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஜெனரேட்டர் அறை. எல்லாவற்றின்மேலும் புகைப்படலம்போலத் தூசி. மூலையில் ஐந்தாறு காலி டிரம்கள். ரேடியோ எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஒண்ணுமில்ல, மேடம். இங்க பெருக்கறதுக்கு ஆள் செத்து ரொம்ப நாளாச்சு."

"அந்த டிரம்மை மட்டும் யாரு குளிப்பாட்டினது?"

நாலாவது டிரம்மின் மூடியில் தூசி இல்லை. விரல்கள் இழுத்த கோடுகள் இருந்தன. மூடியைத் தூக்கினான். உள்ளே சிவப்பு மூடிக் கேன், முக்கால்வாசி நிறைந்து.

மேடம் கையுறை போட்டுக்கொண்டு கேன் மூடியைத் திருகினார். மூடியோடு சேர்ந்து ஒரு மெல்லிய நைலான் நூல் மேலே வந்தது. தூண்டில்போல இழுத்தார். நூலின் முனையில் மீன் இல்லை. நாலைந்து துருப்பிடித்த ஆணிகள் கொத்தாகத் தொங்கின.

"இருக்கறதுலயே சுத்தமானதைக் குடுன்னு கேட்டாங்க அந்தம்மா" என்றான் ரேடியோ மெதுவாக.

மேடம் ஆணிகளைத் திரும்ப உள்ளே இறக்கி, மூடியைத் திருகி, கேனை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"எடுத்துக்கிட்டு வரலையா?"

"இந்தக் கேனைப் பத்தித் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. டாக்டரு, அந்தப் பொண்ணு. ஒளிச்சது யாருன்னு கேன் சொல்லாது. எடுக்க வர்றவங்க சொல்வாங்க."

போகும் வழியில் மேடம் அக்கா மகளிடம் ஒரே கேள்வி கேட்டார், கதவுக்கு வெளியிலிருந்தே. "அந்தக் காரத் தண்ணியில கொஞ்சம் இரும்பு கலந்தா என்ன ஆகும்?"

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்தது.

"கொஞ்சம்கூட வேணாம்" என்றது குரல். "கண்ணுக்கே தெரியாத அளவு போதும். அது நிக்கல் தகட்டுல போய் உக்காந்துக்கும். அதுக்கப்புறம் ஆக்சிஜன் சுலபமாக் கிளம்பும். சுத்தமான தண்ணிக்கு மாத்தினா, உக்காந்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு போயிடும். தகடு பழையபடி..." குரல் நின்றது. பிறகு, "ஐயோ" என்றது.

"இதை முன்னாடியே யோசிக்கலையா?"

"யோசிச்சேன், மேடம். ஒரு தடவை சுத்தம் பண்ணின தண்ணியில ஓட்டிப் பாக்கலாமான்னு டாக்டரைக் கேட்டேன். 'என் தகட்டையே சந்தேகப்படறியா'ன்னு குதிச்சாரு. மாமா வந்து, 'உன் வேலையைப் பாரு'ன்னாரு. பாத்தேன்."

நடைபாதையில் ரேடியோ கேட்டான், "இவ அப்பாவிதானே, மேடம்?"

"ரகசியம் தெரிஞ்சவளாவும் இருக்கலாம். டாக்டரை மாட்டிவிடறதுக்குன்னே சுத்தமான தண்ணியை ஊத்திட்டு, கேனை ஒளிச்சிருக்கலாம்."

"நல்லா இருங்க."

"நல்லாத்தான் இருக்கேன். நீ போய் எனக்கு ஒரு தகடு செய்."

மூன்றரை மணிக்கு எல்லாரும் சோதனை அறையில் கூடினார்கள். அக்கா மகளையும் வரவழைத்தார் மேடம். அவள் மாமாவைப் பார்க்காமல் சுவரோரம் நின்றாள்.

மேடம் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கருத்துப்போன ஒரு தகடு.

"இது இந்தப் பொண்ணோட கைப்பையில இருந்துச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி ஒரு எட்டு முன்னால் வந்தார், கை ஓங்கிவிடுவார்போல. அக்கா மகள் அசையவில்லை. மேடத்தை மட்டும் பார்த்தாள். நம்பிக் கதவைத் திறந்தவள், திருடன் உள்ளே வருவதைப் பார்க்கிற மாதிரியான பார்வை. ரேடியோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான். அவளிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. சொல்லியிருந்தால் அந்த முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

"டாக்டர், உங்க பொருள்தானான்னு பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் தகட்டை வாங்கினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் கண் தொட்டிக்குள் இருந்த தகட்டுக்குப் போய்த் திரும்பியது. பிறகு கையில் இருந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதேதான்" என்றார். "என் கைவேலை எனக்குத் தெரியாதா?"

"அப்பாடா!" முதலாளி நாற்காலியில் விழுந்தார். "போடுங்க டாக்டர், போட்டுப் பாத்துருவோம். அவங்க வர்ற நேரம்."

மேடம் அக்கா வாங்கிய புது பாட்டிலைத் தள்ளிவைத்தார். "இந்தாங்க, தண்ணி."

"இது வேண்டாம்" என்றார் டாக்டர். "இவ தொட்டது. என்னத்தைக் கலந்தாளோ. என் தண்ணி பத்திரமா இருக்கு. இதோ வரேன்."

அவர் வெளியே போனார். அக்கா மகள் முதல்முறையாக மேடத்தை வேறுவிதமாகப் பார்த்தாள். டாக்டர் திரும்பி வந்தபோது கையில் சிவப்பு மூடிக் கேன். புதுக் கோட்டின் முழங்கையில் பட்டையாகத் தூசி.

தொட்டியைக் காலி செய்து, கழுவி, மூடியை இலேசாக மட்டும் திருகி, கேனைச் சாய்த்து ஊற்றினார். மூடியை அவர் கடைசிவரை கழற்றவே இல்லை. புதுத் தகட்டை மாட்டினார். பட்டனைத் தட்டினார்.

ஒன்று புள்ளி எட்டு இரண்டு.

"ஏறியிருக்கே!" என்றார் முதலாளி.

"பொறுங்க. அது பழகணும்."

பழகியது. புள்ளி எட்டு ஒன்று. எட்டு. ஏழு எட்டு. எண்கள் மாடிப்படி இறங்குகிற கிழவனைப்போல நின்று நின்று இறங்கின. முதலாளி மூச்சுவிடுவது எல்லாருக்கும் கேட்டது. குமிழ்கள் மெலிந்து, நெருங்கி, தகட்டைப் புகைபோல மூடின. ஏழு. ஆறு ஐந்து. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்று புள்ளி ஆறில் எண் நின்றது.

முதலாளி எழுந்து கை தட்டினார். கூட யாரும் தட்டவில்லை.

"ரேடியோ" என்றார் மேடம். "இந்தத் தகடு எங்க கிடைச்சுது?"

"சிலிண்டர் கொட்டகையில, மேடம். சிலிண்டருக்குப் பின்னாடி ஒரு நிக்கல் ஷீட்டு கிடந்துச்சு. ஒரு துண்டு வெட்டினேன். கேன்டீன் அடுப்புல காட்டிக் கருக்கினேன். ஒரு ஓரம் கொஞ்சம் தீஞ்சுபோச்சு, டாக்டர் மன்னிக்கணும். பூச்சு கீச்சு எதுவும் பூசல. எனக்கு அந்த அளவுக்குப் படிப்பு இல்ல."

முதலாளி கை தட்டின நிலையிலேயே நின்றார். இரண்டு கைகளும் ஒட்டிக்கொண்டதுபோல.

மேடம் சிவப்பு மூடியைத் திருகித் தூக்கினார். நூல் வந்தது. ஆணிக்கொத்து மேசைமேல் சொட்டியது.

"உங்க தகட்டுல ஒண்ணுமே இல்ல, டாக்டர். எல்லாம் இந்தத் தண்ணியில. ஆணியிலிருந்து வர்ற இரும்புதான் வேலை செய்யுது. அது உங்களுக்குத் தெரியும். அதனாலதான் வேற கை படவிடல. இன்னைக்கு அந்தம்மா ஆசையா வாங்கின சுத்தமான தண்ணி உங்க குட்டை உடைச்சிருச்சு. தண்ணி மாறினதாலதான்னு சொன்னா, அப்ப தகடு எதுக்குன்னு கேப்பாங்க. அதனால உங்களுக்கு ஒரு திருடி தேவைப்பட்டா."

"இது சதி. யாரோ ஆணியை..."

"அடுப்புல கருகின தகட்டைப் பாத்து என் கைவேலைன்னது யாரோ இல்ல. தூசி டிரம்முக்குள்ள இருந்து கேனை எடுத்துட்டு வந்ததும் யாரோ இல்ல."

டாக்டர் தன் முழங்கையைப் பார்த்தார். பிறகு பின்கதவைப் பார்த்தார். அதன்முன் ரேடியோ ஏற்கனவே சாய்ந்து நின்றான்.

"அங்க கொசு ஜாஸ்தி, சார்" என்றான்.

முதலாளி தொட்டியருகே வந்தார். பெட்டியின் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு, அடங்கிய குரலில் பேசினார். "ஆனா ஓடுதே. ஒண்ணு புள்ளி ஆறுலதானே ஓடுது. எதனால ஓடினா என்ன? வர்றவங்களுக்குத் தெரியவா போகுது? ஏம்மா, நீ சொல்லு."

அன்று அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அவங்க இந்த ஆணியை வாங்க வரல, மாமா. பூச்சை வாங்க வர்றாங்க. இரும்பு சங்கதி புத்தகத்துல எப்பவோ வந்தாச்சு. அவங்க ஆளுங்க தகட்டைக் கொண்டுபோய் சுத்தமான தண்ணியில போடுவாங்க. சாயங்காலத்துக்குள்ள செத்துடும். அப்ப போலீஸ் உங்களைத் தேடி வரும்."

"அப்ப கம்பெனி?"

"போகும்" என்றாள். "இல்லைன்னா, உள்ளதைச் சொல்லிட்டு, இருக்கறதை வெச்சு ஏதாவது பண்ணலாமான்னு கேப்போம். நான் பேசறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க. பேசாதீங்க."

வெளியே கேட்டருகே கார் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை.

முதலாளி டாக்டரின் கையைப் பிடித்தார், காலையில் அக்கா மகளின் கையைப் பிடித்த அதே பிடி. சாமான் அறைவரை இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் எதிர்க்கவில்லை. "ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க, ஒரு நிமிஷம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனார். கவிழ்த்த பெட்டி அங்கேயே இருந்தது. அதன்மேல் போய் உட்கார்ந்தார். விலைச்சீட்டு கழுத்துக்குப் பின்னால் ஆடியது.

"போலீஸுக்கு நான் போன் பண்றேன்" என்றார் மேடம்.

அக்கா மகள் கையை நீட்டினாள். முதலாளிக்கு முதலில் புரியவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மன்னிப்பாக இருக்கலாம். அவள் காத்திருக்கவில்லை.

"அவர் சொல்றதை நான் கேட்டுட்டேன், மாமா" என்றாள். "ஒரு நாள் முழுக்க எல்லாரும் அதைத்தானே கேட்டோம்."

கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு சுற்று சுற்றினாள். பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். விழுந்திருந்தது.